தளர்ந்த ஆணிகள்

சலோமியிடம் பியானோ வேலை கற்றுக்கொள்ள வந்தபோது அன்னபுஷ்பத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தெட்டு. அதனால் சிஷ்யை குருவை டீச்சர் என்று கூப்பிட்டாள். குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிட்டாள். இருவருக்கும் அதில் சங்கடம் ஒன்றும் இல்லை.

அதற்கு முன்னால் அன்னபுஷ்பம் கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே பாதி ஆயுள் போயிற்று. ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் உடம்பு முடியவில்லை என்று சொன்னாள்.

ஆஸ்பத்திரி வளாகத்துச் சர்ச்சில் இருந்த பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருகிறவள் சலோமி. அன்னபுஷ்பம் அவள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போய் நின்றாள்.

"எனக்கு இதைக் கத்துக்குடுப்பீங்களா?"

"எதுக்குக்கா?"

"மரமும் இரும்பும் சாகாதுல்ல, அதுக்குத்தான்."

"நாளைக்கு வாங்க" என்றாள் சலோமி.

ஒரு வருஷம் போயிற்று. அன்னபுஷ்பத்துக்குக் காது நன்றாகவே பழகிவிட்டது. கை முன்பே பழகிய கை.

கோத்தகிரிப் பக்கம் ஒரு வேலை வந்திருப்பதாகச் சொல்லி ஒருநாள் சலோமி அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். தேயிலைச் சரிவுக்கு நடுவே நீளமான ஓட்டுக் கட்டடம். முன்னால் தாழ்வாரம். தாழ்வாரம் நெடுக நாற்காலிகள். நாற்காலிகளில் கம்பளி போர்த்திய மனிதர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மூக்கில் குழாய் இருந்தது.

அன்னபுஷ்பம் கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

"இது என்ன இடம் டீச்சர்?"

"இனி ஆஸ்பத்திரியில ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு அனுப்பினவங்க கடைசியில வந்து இருக்கிற இடம். சிஸ்டர்மார் நடத்துறாங்க."

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்."

"அதனாலதான் சொல்லல" என்று சலோமி உள்ளே நடந்தாள். பஸ் போய்விட்டிருந்தது. அன்னபுஷ்பமும் பின்னால் போனாள்.

ஹாலில் சுவரோரமாக இருந்தது பியானோ. யாரோ துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதாம். இல்லத்தை நடத்தும் மதர் அகத்தா அதன் மூடியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினார். நாய் ஊளையிடுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"இங்க யார் இறந்தாலும் இந்த ஹால் வழியாத்தான் வெளியே கொண்டுபோவோம்" என்றார் மதர். "கொண்டுபோகும்போது நான் ஒரு பாட்டு வாசிப்பேன். எல்லாருக்கும் ஒரே பாட்டுதான். எந்த மதமா இருந்தாலும் சரி. இப்போ வாசிக்க முடியல. கடைசியா போன ரெண்டு பேரும் சத்தமில்லாமத்தான் போனாங்க."

"சுருதி சேர்த்துப் பார்த்தாங்களா?" என்று கேட்டாள் சலோமி.

"ஒருத்தர் வந்து சேர்த்துட்டுப் போனார். மறுநாளே பழையபடி ஆயிடுச்சு."

சலோமி முன்பலகையைக் கழற்றினாள். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியின் நுனி சுற்றியிருந்தது. அவள் சுருதிச் சாவியை அன்னபுஷ்பத்திடம் நீட்டினாள்.

"திருப்பிப் பாருங்கக்கா."

அன்னபுஷ்பம் சாவியை ஓர் ஆணியின் தலையில் மாட்டித் திருப்பினாள். வழக்கமாக மணிக்கட்டு நோகும். இது தயிரில் விட்ட கரண்டிபோலச் சுழன்றது. கையை எடுத்ததும் கம்பி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"கம்பி நல்லாத்தான் இருக்கு. மரம் காய்ஞ்சு ஓட்டை பெருசாயிடுச்சு. ஆணிக்குப் பிடிமானம் இல்ல" என்றாள் அன்னபுஷ்பம்.

"என்ன பண்ணலாம்?"

"ஆணி பதிஞ்ச பலகையையே மாத்தணும். வேற வழி கிடையாது."

"அதுக்கு இதைக் கல்கத்தாவுக்கு அனுப்பணும்" என்று சலோமி மதர் பக்கம் திரும்பினாள். மதர் சிரித்தார்.

"இங்க வலி மருந்துக்கே கையேந்துறோம்மா."

சலோமி தலையசைத்தாள். தன் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். அறுந்த செருப்பையும் உடைந்த பொம்மையையும் ஒட்டுகிற வகைப் பசைதான். ஆனால் தண்ணீர்போல நீர்த்திருந்தது.

"பசையா?" என்றாள் அன்னபுஷ்பம்.

"பசைதான். ஆணியைச் சுத்தி விட்டா ஓட்டைக்குள்ள இறங்கும். மரம் அதைக் குடிச்சுட்டு இறுகும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியாது."

"ஒரு உத்தேசமாவது?"

"சிலது பத்து வருஷம் நிக்கும். சிலது நாளைக்கே விட்டுடும்."

"எது நிக்கும் எது விடும்னு முன்னாடி தெரியுமா?"

"தெரியாதுக்கா."

அன்னபுஷ்பத்தின் முகம் இறுகியது. "தெரியாமப் பண்றதுக்குப் பேர் வேலை இல்ல டீச்சர். நிக்காதுன்னு சொல்லிட்டுப் போறதுதான் மரியாதை."

"தோட்டக்காரரைக் கூப்பிடுங்க" என்றாள் சலோமி. "இதை மல்லாக்கப் படுக்க வைக்கணும்."

தோட்டக்காரரும் வாட்ச்மேனும் சேர்ந்து பழைய மெத்தை ஒன்றைத் தரையில் விரித்து அதன்மேல் பியானோவைச் சாய்த்தார்கள். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தார்கள். சலோமி ஒரு சிரிஞ்சில் பசையை உறிஞ்சி அன்னபுஷ்பத்திடம் கொடுத்தாள்.

"நீங்களே விடுங்க. உங்க கை நடுங்காது."

ஒரு வருஷமாகத் தொடாத பொருள். அன்னபுஷ்பம் அதை வாங்கினாள். பழக்கத்தில் ஊசியை மேலே தூக்கிக் காற்றை வெளியேற்றினாள். பிறகு குனிந்து முதல் ஆணியின் அடியில் ஒரு சொட்டு விட்டாள். அது அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு மரத்துக்குள் போய்விட்டது. இன்னொரு சொட்டு விட்டாள். அதுவும் போயிற்று.

தாழ்வாரத்தில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ நர்ஸு தானே?" என்றாள்.

"இல்லம்மா. பியானோ வேலைக்கு வந்திருக்கேன்."

"ஊசி பிடிக்கிற கையை எனக்குத் தெரியாதா? எத்தனை குத்து வாங்கியிருக்கேன்."

அன்னபுஷ்பம் அடுத்த ஆணிக்குப் போனாள்.

கிழவியின் பெயர் ராக்கம்மா. ஒரு பக்க நெஞ்சு முழுக்கக் கட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொழுந்து பறித்தவள். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். பேசாமலும் அவளால் இருக்க முடியவில்லை.

"போன மாசம் அந்த வாத்தியாரய்யாவைக் கொண்டுபோனாங்க. ஒரு சத்தம் இல்ல. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், அவ்வளவுதான். எனக்கு அது ஆகாது தாயி. காலையில பேக்டரி சங்கு ஊதினாத்தான் நான் மலையேறுவேன். சாயங்காலம் சங்கு ஊதினாத்தான் இறங்குவேன். காலம் பூரா அப்படியே பழகிப்போச்சு. திருடி மாதிரி சத்தமில்லாம இங்கேருந்து போகமாட்டேன்."

"மதர் வாசிக்கிறது வேதக்கோயில் பாட்டும்மா."

"எந்தச் சாமி பாட்டா இருந்தா என்ன? மொதல்ல மேட்டுல ஏறும். உச்சியில கொஞ்சம் நிக்கும். அப்புறம் ஆத்தாடின்னு இறங்கும். எத்தனை பேரு போகும்போது கேட்டிருக்கேன். எனக்கு மட்டும் இல்லையா?"

அன்னபுஷ்பம் இன்னொரு சொட்டு விட்டாள்.

"இது தாங்குமா தாயி?"

ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்வி வந்த போதெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். எல்லாம் சரியாயிடும். இப்போதும் அது நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"தெரியலம்மா" என்றாள்.

ராக்கம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "இந்த வீட்டுல இந்த வார்த்தையைச் சொன்ன மொத ஆளு நீதான்" என்றாள்.

மாலையில் எல்லா ஆணிகளுக்கும் பசை விட்டு முடித்தார்கள். மறுநாள் வரை அது காய வேண்டும். இருவரும் சமையலறைக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அன்னபுஷ்பம் தானாகவே பேசினாள்.

"ஒரு லாரி டிரைவர் டீச்சர். இதயம் நின்னுபோய்க் கொண்டுவந்தாங்க. நெஞ்சு எலும்பு முறியற அளவுக்கு அழுத்தினேன். திரும்ப ஓடிச்சு. நடந்தே வீட்டுக்குப் போனார். போறப்ப வார்டு முழுக்க லட்டு குடுத்தார்."

சலோமி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் திரும்பக் கொண்டுவந்தாங்க. இந்தத் தடவை ஓடல. அவர் பொண்டாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா, அன்னிக்கே போயிருந்தா ஒரே அழுகையாப் போயிருக்குமே சிஸ்டர்னு. அன்னிக்குக் கழட்டினதுதான் அந்த யூனிஃபார்ம். நிக்காதுன்னு தெரிஞ்சும் எதுக்கு டீச்சர் பண்றோம்?"

சலோமி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்த ஒரு மாசம் அவர் என்ன பண்ணினாரு?"

அன்னபுஷ்பம் அவளைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள். "கேக்கல."

சலோமி டம்ளர்களைக் கழுவி வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பியானோவை நிமிர்த்தினார்கள். அன்னபுஷ்பம் நடுவிலிருந்து ஆரம்பித்தாள். சாவியை மாட்டித் திருப்பியபோது ஆணி எதிர்த்தது. மணிக்கட்டில் பழைய நோவு தெரிந்தது. அவளை அறியாமல் சிரிப்பு வந்தது. அடுத்ததும் எதிர்த்தது. அதற்கடுத்தது கொஞ்சம் இளகலாக இருந்தது. அதற்கு இன்னும் ஒரு சொட்டு விட்டாள்.

நடுப்பகுதியில் பாதிகூட முடிந்திருக்காது, மதர் அகத்தா வேகமாக வந்தார்.

"ராக்கம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. எங்க நர்ஸ் கீழ ஊருக்குப் போயிருக்கா. சின்ன சிஸ்டர் தனியா நிக்கிறா." அவர் சலோமியிடம்தான் சொன்னார். ஆனால் கண் அன்னபுஷ்பத்தின் மேல் இருந்தது. அவள் நர்ஸாக இருந்ததை ராக்கம்மா சொல்லியிருக்க வேண்டும்.

அன்னபுஷ்பம் சாவியை விடவில்லை. "வேலை பாதியில இருக்கு டீச்சர்."

"நான் பாத்துக்கறேன்."

"அங்க போய் நான் என்ன பண்ண முடியும்? ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்போ சும்மா போய் உக்காருங்கக்கா."

அன்னபுஷ்பம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

போனதும் கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. தலையணையை உயர்த்தியது. மூக்குக் குழாயைச் சரிசெய்தது. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தது. அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். ராக்கம்மா அவள் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து கிள்ளிய விரல்கள், காய்த்துக் கறுத்துப்போனவை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்பக் கேட்டது. கொஞ்சம் ஏறியது. கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறியது.

"ஏத்துறாங்களா?" என்றாள் ராக்கம்மா. குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஏத்துறாங்கம்மா."

"நிக்குதா?"

அன்னபுஷ்பம் காது கொடுத்துக் கேட்டாள். ஸ்வரம் மறுபடி ஒலித்தது. மறுபடியும். அசையவில்லை.

"இப்போ நிக்குது" என்றாள்.

ராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உச்சி வெயில் வருவதற்கு முன்னால் மூச்சு அடங்கியது. அன்னபுஷ்பம் தன் விரலை அந்தப் பிடியிலிருந்து மெல்லத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சின்ன சிஸ்டர் அழுதாள். அன்னபுஷ்பம் அவளை அனுப்பி வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள். இருவரும் உடம்பைத் துடைத்துச் சேலை மாற்றினார்கள். தலையை வாரிக் கொண்டை போட்டார்கள்.

ராக்கம்மாவின் மகன் நஞ்சப்பன் மேட்டுப்பாளையத்தில் மெக்கானிக். தகவல் சொன்னதும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதாக மதர் சொன்னார். "வந்ததும் எடுத்துடணுமாம். பனிமஞ்சு மூடிட்டா வளைவுல வண்டி ஓட்ட முடியாதுங்கிறார்."

அன்னபுஷ்பம் ஹாலுக்கு ஓடினாள். பியானோவில் பாதிக்கு மேல் இன்னும் கோணலாகவே இருந்தது.

"முடியாது டீச்சர். சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

சலோமி மதரிடம் திரும்பினாள். "அந்தப் பாட்டை வாசிச்சுக் காட்டுங்க மதர். சத்தம் வேணாம். விரலை மட்டும் வச்சுக் காட்டுங்க."

மதர் காட்டக் காட்ட, சலோமி அந்தக் கட்டைகளின்மேல் சாக்பீஸால் கோடு போட்டாள். பார்த்தால் கொஞ்சம்தான்.

"மத்ததெல்லாம்?" என்றாள் அன்னபுஷ்பம்.

"மத்ததெல்லாம் இன்னிக்கு வேணாம்."

கோடு போட்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். சலோமி கட்டையைத் தட்ட, அன்னபுஷ்பம் சாவியைத் திருப்பினாள். ஒவ்வொரு ஆணியும் பிடித்தது. பாட்டின் உச்சியில் நிற்கிற ஸ்வரத்துக்கு வந்தபோது ஓர் ஆணி மட்டும் வழுக்கியது. பசை விட்டும் அது அடங்கவில்லை. வெளியே வேன் சத்தம் கேட்டது.

"உப்புத்தாள்" என்றாள் சலோமி.

கம்பியைக் கழற்றி ஆணியை உருவினாள். அன்னபுஷ்பம் உப்புத்தாளில் ஒரு கீற்று வெட்டி, சொரசொரப்புப் பக்கம் மரத்தைப் பார்க்கும்படி ஓட்டைக்குள் சுருட்டி வைத்தாள். ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தாள். கம்பியைச் சுற்றி ஏற்றினாள். ஸ்வரம் தவழ்ந்து தவழ்ந்து மேலே போயிற்று. போய் நின்றது.

அவள் மூச்சுவிட்டாள்.

நஞ்சப்பன் வாசலில் நின்றான். கையில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. "சீக்கிரம் எடுத்துடலாங்க. மஞ்சு மூட ஆரம்பிச்சுடுச்சு" என்றான். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான். மாதக் கணக்கில் தாயைப் பார்க்க வராதவன் என்று பார்த்ததும் தெரிந்தது.

அவனும் தோட்டக்காரரும் வாட்ச்மேனும் இன்னொருவருமாகத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்தார்கள். மதர் அகத்தா வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே தூக்கியவர்களின் நடை மெதுவாயிற்று. நஞ்சப்பன் திகைத்துப்போய்ப் பியானோ பக்கம் பார்த்தான்.

"இது யாருக்குங்க?"

"உங்கம்மாவுக்குத்தான்" என்றாள் அன்னபுஷ்பம். "கேட்டிருந்தாங்க."

அவன் நின்றான். அவன் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். நின்றபடியே கால் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி விட்டான். பாட்டு மேட்டில் ஏறியது. உச்சிக்கு வந்தபோது அன்னபுஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த ஸ்வரம் சுத்தமாக ஒலித்தது. நஞ்சப்பனின் தோள் குலுங்கியது. பாட்டு மெல்ல மெல்ல இறங்கியது. வெறுங்காலோடு அவன் தாயைச் சுமந்து வாசலைத் தாண்டினான். தாழ்வாரத்தில் இருந்தவர்களில் எழுந்திருக்க முடிந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

வேன் போயிற்று. மதர் ஜெபம் சொல்லப் போனார். சலோமி கருவிகளைத் துணியில் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்னபுஷ்பம் பியானோ முன்னால் தனியாக நின்று, அந்த உச்சிக் கட்டையை ஒருமுறை அழுத்தினாள்.

சத்தம் பிளந்து வந்தது. மறுபடி அழுத்தினாள். இன்னும் மோசமாக வந்தது.

"டீச்சர்" என்றாள். "விட்டுடுச்சு."

"எது?"

"தாள் வச்ச ஆணி. இப்பத்தான் ஏத்தினோம். இப்பவே இறங்கிடுச்சு." இன்னொரு முறை கட்டையைத் தட்டினாள். "ஒரு பொழுதுகூட நிக்கல டீச்சர்."

சலோமி எழுந்து வந்தாள். கட்டையை அழுத்திக் காதைச் சாய்த்துக் கேட்டாள். ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பாட்டு நடக்கும்போது சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு. அவங்க வெளியே போற வரைக்கும் கேட்டேனே."

சலோமி சுருதிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"அவங்கதான் வாசல் தாண்டிட்டாங்களே. இனி அவசரம் இல்ல. ஆணியைக் கழட்டுங்கக்கா, இந்தத் தடவை கொஞ்சம் தடிமனான தாளா வைப்போம்."